கழிமுகத் தீவில் ஒரு செய்திப் பலகை: எழுதுவதும் ஆள் சேர்ப்பதும்

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்கு வடக்கே, ஒரு பக்கம் வங்கக் கடலும் மறுபக்கம் உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும் சூழ நீண்டு கிடக்கிறது காட்டுப்பள்ளித் தீவு. ஆற்றின் தென்கரை பெருநகர சென்னை மாநகராட்சியின் திருவொற்றியூர் மண்டலம். வடகரையில் கால் வைத்தால் திருவள்ளூர் மாவட்டம், மீஞ்சூர் ஒன்றியம். தென்கரையில் குப்பை தேங்கினால் மாநகராட்சியின் 1913-க்குப் போன் செய்யலாம். இந்தக் கரைக்கு அந்த எண் உதவாது; ஊராட்சி மன்றத்தையோ மீஞ்சூரில் உள்ள வட்டார வளர்ச்சி அலுவலகத்தையோதான் பார்க்க வேண்டும். சென்னையின் உயர்ந்த புகைபோக்கிகள் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருந்துகொண்டு, கிராமமாகவும் தீவாகவும் வாழும் சிற்றூர்களில் எங்களுடையதும் ஒன்று. ஊர்ப் பெயரை எழுதவில்லை. இதில் வரும் விஷயங்கள் என் அண்டை வீட்டாருடையவை. அவர்களை அடையாளம் காட்ட எனக்கு உரிமை இல்லை.

அங்கன்வாடிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் படகுத்துறையில் ஒரு கரும்பலகை வைத்து ஊர்ச் செய்தி எழுதிவருகிறேன். பழவேற்காட்டுப் பக்கமும் எண்ணூர்ப் பக்கமும் இருக்கும் உறவினர்கள் “எங்கள் ஊரிலும் வைக்க வேண்டும், எப்படி ஆரம்பிப்பது?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊர்ச் செய்தியும் ஊர்ப்பணிக்கு ஆள் சேர்ப்பதும் இரண்டு வேலைகள் என்று பலர் நினைக்கிறார்கள். ஒருவர் செய்தி சொல்வார், இன்னொருவர் வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூப்பிடுவார் என்று பிரித்தும் வைக்கிறார்கள். பிரித்த இடத்தில் இரண்டுமே கெட்டுப்போவதைப் பார்த்திருக்கிறேன். “பள்ளிக்குப் போகும் மண் பாதையில் தண்ணீர் நிற்கிறது” என்று எழுதினால் படிப்பவர் வருத்தப்பட்டுவிட்டுப் போய்விடுவார். அதன் கீழேயே “சனிக்கிழமை காலை 7 மணிக்கு வடிகால் வெட்டப் போகிறோம். 6 பேர் வேண்டும். மண்வெட்டி இருப்பவர் எடுத்து வரவும். 9 மணிக்கு முடிந்துவிடும்” என்று எழுதினால் ஆள் வருகிறார். எழுதும் ஒவ்வொரு செய்திக்கும் கீழே, இதற்கு யார் வர வேண்டும், எப்போது, எதைக் கொண்டு, எத்தனை நேரத்துக்கு என்று கேட்டுப் பாருங்கள். பதில் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

பலகையை எங்கே வைப்பது

ஊராட்சிக் கட்டடத்தின் உள்ளே வேண்டாம். கோயில் வாசலும் வேண்டாம். அந்த வாசலுக்கு வராதவர்களும் ஊரில் இருக்கிறார்கள். எல்லோரும் ஒருமுறையாவது நின்று காத்திருக்கும் இடத்தில் வையுங்கள். எங்களுக்குச் சாலை உண்டு, ஆனால் அது சுற்றுவழி, பெரும்பாலும் லாரிகள் ஓடும் வழி. எண்ணூர்ப் பக்கம் போகப் படகே குறுக்கு வழி. படகுக்காக நிற்கும் நேரத்தில் மனிதர்கள் எதையாவது படிப்பார்கள். அதனால் துறையைத் தேர்ந்தெடுத்தோம். உங்கள் ஊரில் அது தண்ணீர் லாரி நிற்கும் இடமாகவோ ரேஷன் கடைத் திண்ணையாகவோ இருக்கலாம்.

உப்புக் காற்று ஆணியையும் தகரத்தையும் தின்றுவிடும். மரப்பலகையில் கரும்பலகைச் சாயம் பூசி, கயிற்றால் கட்டுவதே நிலைக்கும். மேலே ஓலைச் சாய்ப்பு. பெரியவர்கள் குனியாமலும் பள்ளிப் பிள்ளைகள் எட்டிப் பார்க்காமலும் படிக்கும் உயரம். எழுத்து ஒரு விரல் நீளத்துக்குக் குறையக் கூடாது. பலகை கட்டிய மூங்கிலின் உச்சியில் பழைய வேட்டித் துண்டு ஒன்றைக் கட்டிவிடுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை அது காட்டும். இது எவ்வளவு முக்கியம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எழுதியதைப் போனில் படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடலாம், போடுங்கள். ஆனால் படத்தோடு நிறுத்திவிட்டால் படிக்கத் தெரியாதவர்களை விட்டுவிடுகிறோம். எங்கள் கழியில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் குடும்பங்களில் மூத்தவர்கள் பலர் பள்ளிக்குப் போனதில்லை. அவர்களுக்காகப் பலகையைக் குரலில் வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறோம். போன் இல்லாத வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்கிறோம். யார் வாசிப்பது என்பதில் ஒரு கவனம் வேண்டும். ஊருக்கு அறிவிப்புச் சொல்லும் வேலை ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்டிருந்த நாடு இது. தண்டோரா போடுவதைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் நிறுத்தச் சொன்னதற்குக் காரணமே அதுதான். அதனால் எங்கள் பலகையை வாரம் ஒரு வீட்டார் வாசிக்கிறார்கள். எல்லாத் தெருவும், எல்லாக் குடும்பமும். முறை வரும்போது “எங்கள் வீட்டில் வேண்டாம்” என்று சொல்பவர் இருந்தால், மெதுவாகப் பேசி, ஆனால் விடாமல் வாசிக்க வையுங்கள்.

எதை எழுதுவது

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். எங்கள் பலகையின் முதல் வரி எப்போதும் கடல் நீரின் ஏற்றமும் வற்றமும். இந்தக் கடற்கரையில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டிய நாட்களில் நீர் அதிகம் ஏறி அதிகம் வற்றும். இறால் தடவப் போகிறவருக்கு வற்றம் வேண்டும். படகு தரை தட்டாமல் துறைக்கு வர ஏற்றம் வேண்டும். கர்ப்பிணிப் பெண்ணை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறவருக்கு இரண்டும் தெரிய வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலை உயரம், காற்று, நீரோட்டம் பற்றிய முன்னறிவிப்பைத் தருகிறது. அதைப் பாருங்கள். பார்த்துவிட்டு, கழியில் கால் வைத்தே வளர்ந்த பெரியவர் ஒருவரிடமும் கேளுங்கள். முகத்துவாரத்தில் மணல் தூர்ந்தால் கடலில் ஏறும் நீர் கழிக்குள் அதே நேரத்தில் வந்து சேராது. அது அவருக்குத் தெரியும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இரண்டாவது வரி பூண்டி. இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்து ஊர்களில்கூட இதைக் கவனிப்பவர்கள் குறைவு. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-ல் கட்டி முடித்த நீர்த்தேக்கம் பூண்டி. முழு உயரம் 35 அடி, கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அங்கே உபரி நீர் திறந்தால் அது தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி எங்களிடம்தான் வரும். புழல் ஏரியின் உபரி நீரும் சடையான்குப்பம் அருகே இதே ஆற்றில்தான் சேர்கிறது. சென்னை நகரத்தார் செம்பரம்பாக்கத்தைப் பார்ப்பார்கள், அது அடையாற்றுக்குப் போகும் தண்ணீர். நாம் பார்க்க வேண்டியது பூண்டியும் புழலும். மாவட்ட ஆட்சியரின் வெள்ள எச்சரிக்கை “விநாடிக்கு இத்தனை கன அடி” என்று வரும். அந்த எண்ணை மட்டும் எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. திறந்த நேரம், நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு, அந்த நேரத்தில் நம் கழியில் ஏற்றமா வற்றமா என்று நான்கையும் சேர்த்து எழுதுங்கள். ஏற்றத்தோடு வெள்ளமும் சேர்ந்து வந்தால் நீர் கடலுக்குப் போக வழியில்லாமல் ஊருக்குள் நிற்கும். அப்படிப்பட்ட இரவுக்கு முந்தைய மாலையில் அரிசி மூட்டையை மேலே ஏற்றவும், நடக்க முடியாதவர்களை இடம் மாற்றவும் யார் யார் வர வேண்டும் என்பது அந்த வரிக்குக் கீழே இருக்க வேண்டும்.

புயல் நாட்களில் துறைமுகங்களில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைப் பலர் மழையின் அளவு என்று நினைக்கிறார்கள். 1, 2 என்றால் புயல் அல்லது புயலாக மாறக்கூடியது தொலைவில் கடலில் இருக்கிறது என்று பொருள். 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம், 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அற்றுப்போய்விட்டது. இந்த விளக்கத்தை மழைக்காலம் முழுவதும் பலகையின் ஒரு மூலையில் அழிக்காமல் விட்டுவிடுங்கள். அதன் பக்கத்தில் 1070 (மாநிலக் கட்டுப்பாட்டு அறை), 1077 (மாவட்டம்), 1554 (கடலோரக் காவல் படை). 108 எந்த இடம் வரை வரும், அங்கே நோயாளியைக் கொண்டு சேர்க்க யாருடைய படகு, யாருடைய வண்டி என்பதையும் எழுதுங்கள். வெறும் எண் தீவில் பாதி உதவிதான்.

மற்றவை எளியவை. ரேஷன் கடை எந்த நாள் திறக்கும், என்ன வந்திருக்கிறது. மின்தடை. தண்ணீர் லாரி. தடுப்பூசி நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அதற்கான நிவாரணத்துக்கு என்ன காகிதம், எந்தத் தேதிக்குள். பிறந்த குழந்தை, நடக்கவிருக்கும் கல்யாணம், காணாமல் போன ஆடு. ஆட்டை விடாதீர்கள். ஒரு ஆடு கிடைத்துவிட்டால் அந்த வீட்டார் அதன் பிறகு ஒரு நாளும் பலகையைப் படிக்காமல் போக மாட்டார்கள்.

உறுதி செய்வது

கண்ணால் பார்த்த ஒருவர், அல்லது அந்த வேலைக்குப் பொறுப்பான ஒருவர். இவர்களில் ஒருவராவது சொல்லாததை எழுதுவதில்லை. ரேஷன் பற்றி விற்பனையாளர் சொல்ல வேண்டும், சான்றிதழ் பற்றிக் கிராம நிர்வாக அலுவலர், ஊசி பற்றிக் கிராம சுகாதாரச் செவிலியர். “குழுவில் வந்தது” என்பது எங்களுக்கு ஆதாரம் இல்லை. சுனாமி வருகிறது என்று ஒரு குரல் பதிவு சுற்றினால் ஊர் முழுக்கப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடும். 2004-ஐப் பார்த்த ஊர்கள் இவை. அப்படி ஒன்று வந்தால் 1077-ஐக் கேட்டுவிட்டு, “இந்தச் செய்தி உண்மையில்லை, மாலை 4.20-க்குக் கேட்டு உறுதி செய்தோம்” என்று எழுதுங்கள். வதந்தியைத் திரும்ப விவரிக்க வேண்டாம்.

எழுதிய நேரத்தைக் கட்டாயம் குறியுங்கள். காலம் கடந்த செய்தியை அன்று மாலையே அழியுங்கள். துக்கச் செய்தியை அந்த வீட்டார் சொன்ன பிறகே எழுதுங்கள், காரணம் எழுதாதீர்கள். காதல், போலீஸ் வழக்கு, கடன் தகராறு, யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் பலகைக்கு வரக் கூடாது. தேர்தல் காலத்தில் எந்தக் கட்சியின் கூட்டமும் எழுதுவதில்லை என்று தொடக்கத்திலேயே ஊரில் சொல்லிவிடுங்கள். ஒருவருக்கு எழுதினால் எல்லோருக்கும் எழுத வேண்டிவரும், பிறகு பூண்டிக்கு இடம் இருக்காது.

ஆள் கேட்பது

“அனைவரும் திரண்டு வாரீர்” என்று எழுதினால் யாரும் வர மாட்டார்கள். அனைவரும் என்றால் தன்னைச் சொல்லவில்லை என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொள்கிறார். எண்ணிக்கை சொல்லுங்கள். 6 பேர் வேண்டும் என்று எழுதி, கீழே ஆறு கோடு போட்டு வையுங்கள். வருகிறவர் தன் பெயரைத் தானே எழுதட்டும். எழுதத் தெரியாதவர் சொன்னால் பக்கத்தில் நிற்பவர் எழுதட்டும். ஆறும் நிரம்பியதும் “போதும், நன்றி” என்று எழுதிவிடுங்கள். தேவைக்கு மேல் ஆட்களை வரவழைத்துச் சும்மா நிற்க வைத்தால் அடுத்த முறை கூப்பிடும்போது அவர்கள் வர மாட்டார்கள்.

முடியும் நேரத்தை எழுதுவது தொடங்கும் நேரத்தைவிட முக்கியம். எங்கள் ஊரில் பெண்கள் காலையில் இறால் விற்கப் போகிறார்கள், ஆண்கள் வலைக்குப் போகிறார்கள், இளைஞர்கள் பலர் கம்பெனிகளில் ஷிப்ட் வேலை பார்க்கிறார்கள். 9 மணிக்கு முடியும் என்றால் 9 மணிக்கு முடியுங்கள். மண் மிச்சம் இருந்தாலும் மண்வெட்டியைக் கீழே வையுங்கள். மீதிக்கு இன்னொரு நாள் ஆள் கேட்கலாம். ஒருவரின் நாள் கூலியை ஊருக்காகத் தின்றுவிடக் கூடாது. முழு நாள் வேலை என்றால் அது தன்னார்வப் பணி இல்லை. ஊராட்சியிடம் கேட்டு வேலை உறுதித் திட்டத்தில் செய்ய முடியுமா என்று பாருங்கள்.

ஒரு நோட்டில் யாருக்கு என்ன தெரியும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மின் இணைப்பு பார்ப்பவர், இன்ஜின் பழுது பார்ப்பவர், ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரிந்த பிள்ளை, பிரசவ வலியைப் பார்த்ததும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று சொல்லக்கூடிய பாட்டி, இரவில் கழியில் படகு ஓட்டக்கூடியவர். ரத்த வகையும் எழுதுங்கள். 18 முதல் 65 வயது வரை, 45 கிலோவுக்குக் குறையாத எடை, ஆண் என்றால் கொடுத்து 90 நாள், பெண் என்றால் 120 நாள் ஆகியிருக்க வேண்டும். கொடுத்த தேதியைப் பெயருக்கு எதிரே குறித்தால், அவசரத்தில் தகுதியில்லாதவரைக் கூட்டிக்கொண்டு ராயபுரம் ஸ்டான்லி மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்காது. இந்த நோட்டு உங்கள் வீட்டில் இருக்கட்டும். பலகைக்கோ குழுவுக்கோ போக வேண்டாம்.

இதை அழுத்திச் சொல்கிறேன்: சேற்றில் இறங்கும் வேலைக்கும், செத்து ஒதுங்கியதை அப்புறப்படுத்தும் வேலைக்கும் எப்போதும் இருளர் குடும்பங்களையே கூப்பிடும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அவர்களுக்குக் கழி நன்றாகத் தெரியும் என்று காரணம் சொல்வார்கள். கழி தெரிந்தவர் என்றால் வேலையை வழிநடத்தச் சொல்லுங்கள். எங்கே இறங்குவது, எப்போது ஏறுவது என்று அவர் சொல்லட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். பெயர்ப் பட்டியலில் ஒரே தெருவின் பெயர்கள் தொடர்ந்து வந்தால் அடுத்த அழைப்பில் “இந்த முறை கிழக்குத் தெருவிலிருந்து” என்று எழுதுங்கள்.

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு

2023 டிசம்பர் வெள்ளத்தோடு கழிக்குள் எண்ணெய் வந்த நாட்களுக்குப் பிறகு நகரத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் “நாங்கள் என்ன செய்யலாம்?” என்று கேட்டு வருகிறார்கள். நல்ல மனம் கொண்ட பிள்ளைகள். சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கப் புறநகர் ரயிலில் ஏறினால் கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு புதுநகர், மீஞ்சூர் என்று தீவைச் சுற்றியுள்ள எல்லா ஊருக்கும் வந்துவிடலாம். ஊரில் அழைத்தவர் எந்த ஸ்டேஷனில் இறங்கச் சொல்கிறாரோ அங்கே இறங்குங்கள்.

எங்களுக்கு அதிகம் தேவைப்படுவது பேனா பிடிக்கும் வேலை. தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு ஒன்றுக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். ஆனால் எந்த அலுவலகத்துக்கு, என்ன கேள்வி, எப்படிப் பிரித்துக் கேட்பது என்பதற்கு உட்கார்ந்து எழுதும் ஆள் வேண்டும். ஓய்வூதியம், சாதிச் சான்றிதழ், பழங்குடியினர் நலவாரிய அட்டை என்று ஒவ்வொன்றுக்கும் இ-சேவை மையத்தில் கேட்கும் காகிதங்களைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு, ஒரே ஆள், ஓராண்டு தொடர்ந்து வந்தால் அது ஐம்பது பேர் ஒரு நாள் வருவதைவிடப் பெரிய உதவி. மாலைப் பாடமும் அப்படித்தான். 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் உள்ளூர்ப் பெண்களே தன்னார்வலர்களாகச் சொல்லிக்கொடுத்தார்கள், பிள்ளைகளின் பேச்சு புரிந்தவர்கள். நீங்கள் அவர்களுக்குத் துணையாக உட்காருங்கள். அவர்களை ஓரம் தள்ளாதீர்கள்.

பறவை பார்க்கத் தெரிந்தவர்கள் ஜனவரியில் வாருங்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு அந்த மாதத்தில் நடக்கிறது. எங்கள் கழியில் எது வந்தது, எத்தனை வந்தது என்ற பதிவு பின்னால் ஒரு நாள் இந்தக் கழி உயிருள்ளது என்று நிறுவ உதவும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். சென்னையின் தென்கரையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு 1988 முதல் இரவு நடை போய்க் கூடுகளைக் காத்துவருகிறது. அவர்களோடு நடந்து பழகிவிட்டு வந்தால் இங்கே வனத்துறைக்கு எப்படித் துணை நிற்பது என்பது புரிந்திருக்கும்.

அலையாத்தி நடுவதற்கு மட்டும் கேட்காமல் வராதீர்கள். நீரில் மரம் நடுவது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் வற்றத்தில் வெளியே தெரியும் சேற்று வெளி வெறும் நிலம் இல்லை. அங்கேதான் பெண்கள் இறால் தடவுகிறார்கள், அங்கேதான் உள்ளான் பறவைகள் மேய்கின்றன. எங்கே முன்பு அலையாத்தி இருந்து அழிந்ததோ, எங்கே நீரோட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறதோ, அந்த இடத்தை ஊரார் காட்டுவார்கள். பழைய துணி மூட்டைகளும் வேண்டாம். வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் துறையில் அவை மலைபோல் குவிந்து, மழையில் நனைந்து, கடைசியில் அவற்றை அப்புறப்படுத்தவே தனியாக ஆள் கேட்க வேண்டியிருந்தது. கொண்டுவர ஆசைப்பட்டால் பலகையைப் பாருங்கள், தேவை எழுதியிருக்கும்: குளோரின் மாத்திரை, நாப்கின், டார்ச் விளக்குக்கு பேட்டரி, குழந்தைகளுக்கான உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்.

எண்ணெய் வந்தால், வாயு கசிந்தால்

2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிக்குள் வந்து வலை, படகு, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் படிந்தது. இரண்டு முறையும் வாளியாலும் குவளையாலும் மனிதர்கள் வெறும் கையால் அள்ளினார்கள். மூன்றாவது முறை அது நடக்கக் கூடாது. அதனால் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் அள்ளுவது தன்னார்வலர் வேலை இல்லை, அதற்குப் பொறுப்பானவர்கள் ஆளும் கருவியும் கொண்டுவர வேண்டும். அவர்கள் வரும் வரை வலையையும் படகையும் மேட்டுக்கு ஏற்றுவது, பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் கரையிலிருந்து தள்ளி வைப்பது, எங்கே எவ்வளவு பரவியிருக்கிறது என்று நேரத்தோடு படம் எடுப்பது ஆகியவற்றுக்கு ஆள் கேளுங்கள். தொட வேண்டியே வந்தால் நைட்ரைல் கையுறையும் முழங்கால் வரை ரப்பர் காலணியும் வேண்டும்; சாதாரண ரப்பர் கையுறை எண்ணெயில் ஊறிப்போகும். கொரோனா காலத்தில் போட்ட என்-95 முகமூடி தூசியைத் தடுக்கும், எண்ணெயின் ஆவியைத் தடுக்காது. ஆவியை வடிக்கும் குப்பி பொருத்திய முகமூடி வேண்டும். தலை சுற்றினாலோ குமட்டினாலோ உடனே காற்றோட்டமான இடத்துக்குப் போக வேண்டும். தோலில் பட்டால் சமையல் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் கூடவே கூடாது. அள்ளியதை மணலில் புதைக்காதீர்கள், கொளுத்தாதீர்கள். 2023-ல் கூழைக்கடாக்கள் எண்ணெயில் நனைந்து பறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தன. அப்படிப் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள், நீங்களே குளிப்பாட்ட முயல வேண்டாம்.

அதே 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூக்கத்திலிருந்து எழுந்த மக்கள் எந்தத் திசைக்கு ஓடுவது என்று தெரியாமல் தெருவில் நின்றார்கள். இங்கேதான் அந்த வேட்டித் துண்டு. டார்ச் அடித்துப் பாருங்கள். காற்று போகும் திசையில் ஓடக் கூடாது, வாயுவும் உங்களோடு வரும். காற்றுக்குக் குறுக்காக நடந்து விலகி, பிறகு காற்று வரும் பக்கம் போக வேண்டும். அம்மோனியா தண்ணீரில் கரையும். நனைத்த துணியை மூக்கிலும் வாயிலும் பிடித்துக்கொள்ளுங்கள். கண் எரிந்தால் குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். தனியாக இருக்கும் முதியவர்கள் யார், அவர்களை யார் தட்டி எழுப்புவது என்று வீட்டுக்கு வீடு பெயர் குறித்து வையுங்கள். வாடைக் காற்றுக் காலத்தில் ஒரு மாலை, பகல் வெளிச்சத்திலேயே இதை ஒருமுறை நடந்து பாருங்கள். அதற்கும் பலகையில் ஆள் கேளுங்கள், அரை மணி நேரம் போதும்.

பலகையிலிருந்து நோட்டுக்கு

அழிக்கும் முன் ஒவ்வொரு நாள் பலகையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். தண்ணீர் லாரி எத்தனை நாள் வரவில்லை, அனல் மின் நிலையச் சாம்பல் எந்த எந்த நாளில் துணியில் விழுந்தது, மீன் எப்போது செத்து மிதந்தது என்பதெல்லாம் தேதியோடு இருக்கும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடும். “அடிக்கடி தண்ணீர் வருவதில்லை” என்று சொன்னால் பார்க்கிறோம் என்பார்கள். தேதிகளை வாசித்துக் காட்டித் தீர்மானமாக எழுதச் சொன்னால் அது ஆவணம்.

பெரிய திட்டம் வரும்போது நடக்கும் சுற்றுச்சூழல் பொதுமக்கள் கருத்துக்கேட்புக்கும் இந்த நோட்டுதான் துணை. 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி குறைந்தது 30 நாள் முன்பு நாளிதழ்களில் அறிவிப்பு வர வேண்டும். திட்ட அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். அறிவிப்பு வந்த அன்றே பலகையில் எழுதுங்கள். அறிக்கையைப் படிக்க 4 பேர், படித்ததைத் தெருத்தெருவாகச் சொல்ல 8 பேர், பேசப் பயப்படாத 5 பேர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள 3 பேர் என்று தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டத்தின் முடிவில், மக்கள் எழுப்பிய விஷயங்களைத் தொகுத்து அங்கேயே தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பதும் விதி. நீங்கள் சொன்னது அதில் இருக்கிறதா என்று நோட்டை வைத்துச் சரிபார்க்க ஒருவரை நியமியுங்கள். விட்டுப்போயிருந்தால் கை தூக்கி அப்போதே சேர்க்கச் சொல்ல வேண்டும். வாசித்து முடியும் வரை ஊரார் யாரும் எழுந்து போகக் கூடாது என்பதை முதல் நாளே பலகையில் எழுதிவிடுங்கள், திரும்பி வர எத்தனை மணிக்கு வண்டி என்பதையும் சேர்த்து.